கடைசி பஸ்ஸின் எட்டாம் நம்பர்

இந்த ஊரில், கிழிந்த சட்டையைத் தைக்கத் தந்துவிட்டு, "தயவுசெய்து கழுவிவிடாதே" என்று கும்பிடாத குறையாகக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்வது ஒரு லோண்டரியின் பின்னறையில், தையல் மெஷினுக்கு முன்னால். வருடம் முழுக்கக் காற்சட்டைக்குக் கால் மடிப்பதும் குளிர் அங்கிகளுக்கு ஸிப் மாற்றுவதும்தான் வேலை. கோடை முடிந்து மரங்கள் நிறம் மாறியதும் ஜேர்சிகள் வரத் தொடங்கும். தலை நரைத்த ஆண்கள், பேரப்பிள்ளை கண்ட பெண்கள், ஒருமுறை ஒரு பாதிரியார்கூட, வேறு யாரோ ஒருவரின் பெயரையும் நம்பரையும் முதுகில் சுமந்த சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார்கள். ஆறின் வால் கழன்றுவிட்டது, மூன்றின் வயிறு பிரிந்துவிட்டது என்று வைத்தியரிடம் பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டுவார்கள். தைக்கலாம், ஆனால் தண்ணீர் படக்கூடாது. ஏனென்றால் அந்த மஞ்சள் கறை, தங்கள் அணி கிண்ணம் வென்ற நாளில் சிந்திய கடுகுச் சாந்தாம். அட கடவுளே! எனக்கு இது இன்றைக்கும் செரிக்கவில்லை. நான் ஒரு முழு அணியின் சட்டைகளைக் கழுவிக் கழுவி வளர்ந்தவள்.

அது திருகோணமலையில். எங்கள் வீடு டொக்யார்ட் வீதிக்குப் பின்பக்கம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் குசினியில் கோப்பை அதிரும். அப்பா உதைபந்தாட்டக் கழகத்தின் காரியதரிசி. கழகத்துக்கு இருந்தது ஒரே ஒரு செட் சட்டை, கருநீலம். ஒவ்வொரு மட்சும் முடிந்தபிறகு அது அரிசிச் சாக்கில் கட்டப்பட்டு எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வந்துவிடும். அம்மா ஊறப்போடுவா, நான் கும்முவேன். நம்பர்களை வெட்டித் தைத்ததும் நான்தான். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில், பேப்பரில் வரைந்த அச்சை வைத்து வெட்டுவேன். ஒன்று முதல் பதினைந்து வரை கொடியில் காய்வதைப் பார்த்து, எந்தச் சட்டையில் எவ்வளவு சேறு என்று எண்ணி, யார் நன்றாக விளையாடினார்கள் என்று தெருவில் போகிறவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று ஒருநாள் வேலிக்குள்ளால் புகுந்து நாலாம் நம்பரின் கையைச் சப்பிவிட்டது. அந்த சீசன் முழுக்க எங்கள் பின்வரிசைக்காரர் அரைக்கைச் சட்டையோடுதான் ஓடினார். அவருக்கு 'மான்' என்று பட்டமும் வந்துவிட்டது. இன்றைக்கு அவர் ஒரு பாடசாலை அதிபர், ஆனாலும் 'மான் சேர்' என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டுக்காரர் விலகிப்போனால் அவருடைய நம்பரைக் கழகம் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாது. அவர் தன் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். புதிதாக வருகிறவன் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் 'சட்டை கேட்டுப் போறது' என்பார்கள். தம்பலகாமத்துத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு, தலை வாரி இழுத்து, கிட்டத்தட்டப் பெண் கேட்டுப் போவதுபோலப் போவான். வீட்டில் உள்ள பெண்கள்தான் சட்டையை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். தயிரை அங்கேயே எல்லாருமாகச் சீனி போட்டுச் சாப்பிட்டு முடிப்பார்கள். கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன்னர், அந்தப் பக்கத்துப் பெடியன் ஒருவன் தயிர்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படகுப் பாதையில் வந்திறங்கி எங்கள் கழகத்தில் சட்டை கேட்டது இன்றைக்கும் ஊரில் ஒரு கதை.

என் தம்பி நேசன் எட்டாம் நம்பர். இடதுகால்காரன். பெரிய விளையாட்டுக்காரன் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் அடித்த கோல்களைவிட வெளியே அடித்துக் கடலுக்குள் இறங்கி எடுத்துவந்த பந்துகள் அதிகம். ஆனால் அவனுக்காகவே மைதானத்துக்கு வருகிற கூட்டம் இருந்தது. எப்போதும் பிந்தித்தான் வருவான். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்த பிறகுதான், தெருவில் இருந்து ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி ஓடிவருவான். "அந்தா, கடைசி பஸ் வருது!" என்று கத்துவார்கள். அதுவே பட்டமாகிவிட்டது. நேசன் என்று சொன்னால் "எந்த நேசன்?" என்பார்கள். கடைசி பஸ் என்றால் அப்பாவின் பெயரோடு சொல்வார்கள்.

ஒருநாள் காலையில், வேலை விஷயமாக ஒருவரைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் மட்சுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். வரவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். எங்கள் வீட்டில் இருந்து போனது அவன். அம்மா அவனுடைய படத்தோடு ஏறாத வாசல் இல்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை, திவசம் என்ற சொல்லை வீட்டில் எடுக்க விடவில்லை. எட்டாம் நம்பர் சட்டை கழுவி மடித்தபடி அலுமாரியில் இருந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? சட்டை கேட்டு வந்தால், இனி அவன் வரமாட்டான் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். கழகம் புதுச் செட் அடித்தபோது ஏழுக்குப் பிறகு ஒன்பது இருந்தது. யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அப்பா காலமானபிறகு நான் அம்மாவை இங்கே கூப்பிட்டேன். பெரிய சூட்கேஸுக்குள் மிளகாய்த் தூளும் கருவாடும் வந்தன. அந்தச் சட்டை அம்மாவின் கைப்பையில் வந்தது.

நாங்கள் இருப்பது கனடாவின் நடுவில், தட்டையான சமவெளியில் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் ரொறொன்ரோவில் உள்ள சொந்தக்காரர் "அங்கயும் எங்கட சனம் இருக்கோ?" என்று கேட்பார்கள். இரண்டு வீடு தள்ளி வால்ற்றர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கடுகுச் சாந்துச் சட்டை அவருடையதுதான்: அறுபத்தோராம் நம்பர். கனடிய ஃபுட்போலை எனக்குச் சொல்லித்தந்தவரும் அவரே. இவர்கள் ஃபுட்போல் என்று சொல்வதில் பந்து காலில் படுவதே அபூர்வம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர்; மூன்று முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னே போகவேண்டும். கோலுக்கு உதைத்தது தவறினாலும் சில வேளை ஒரு புள்ளி கொடுப்பார்கள். தவறினதற்கும் புள்ளி கொடுக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் காணவில்லை. என் தம்பி இங்கே பிறந்திருந்தால் நட்சத்திரமாகியிருப்பான்.

வால்ற்றரின் வாயில் பழைய விளையாட்டுக்காரர்களின் பெயர்கள் வராது, நம்பரும் பட்டமும்தான் வரும். அறுபத்தொன்று 'பியானோ'. ஆளைத் தள்ள நாலு பேர் வேண்டுமாம். பன்னிரண்டு 'ஐஸ் லொறி'. அந்தக் காலத்தில் விளையாட்டுச் சம்பளம் வயிற்றுக்குப் போதாமல் பகலில் ஐஸ் கட்டி விற்றவராம், பந்தையும் அதே குளிரோடு எறிவாராம். முப்பத்துநாலு 'கோழிக்கால்'. மெல்லிய கால்கள், ஆனால் ஒருவராலும் பிடிக்க ஏலாதாம். தலைக்கவசத்துக்குள் இவர்களுக்கு முகம் தெரியாது, அதனால் நம்பரே முகமாகிவிடுகிறது என்று எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. நான் பட்டம் என்கிற எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னபோது வால்ற்றர் துள்ளினார். மான் சேரின் கதையை அவர் எத்தனை தரம் கேட்டிருப்பார்! ஆனால் மான் தெருவில் திரிகிறது என்பதை மட்டும் இன்றுவரை நம்பவில்லை.

போன இலையுதிர் காலத்தில் பியானோவின் நம்பரை 'ஓய்வு பெறவைக்கிற' விழா நடந்தது. இனி இந்த அணியில் யாருமே அறுபத்தொன்று அணிய முடியாது. வால்ற்றர் எங்கள் இருவருக்கும் ரிக்கற் எடுத்துவிட்டார். அம்மா சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெற்றரும் என்னுடைய குளிர் அங்கியும் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டபடி இருந்தா. இடைவேளையில் பியானோ ஊன்றுகோலோடு நடந்துவந்து கையை ஆட்டினார். மேளம் அடித்தார்கள். மேலே சுவரில், அறுபத்தொன்று எழுதிய பெரிய சட்டை விரிந்தது. முப்பதாயிரம் பேர் அழுததுபோல எனக்கு இருந்தது. வால்ற்றர் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். அம்மா என் முழங்கையை இடித்தா.

"ஆள் உயிரோட நடந்து வாறார் பிள்ளை. பேந்து ஏன் சட்டையை மேல கொளுவினவை?"

"அது மரியாதையம்மா. இனி ஆரும் அந்த நம்பரைப் போடமாட்டினம்."

"கண்டறியாத மரியாதை! செத்தவைக்கெல்லோ இப்பிடிச் செய்யிறது."

திரும்பி வரும்போது, காரில் அம்மா நித்திரையாகிவிட்டா. நானும் குளிரிலோ எதிலோ இளகிப்போய், என் தம்பியும் விளையாடியவன், அவன் இல்லாமல் போன நாளில் இருந்து அவனுடைய எட்டை யாரும் அணிவதில்லை என்று வால்ற்றரிடம் சொல்லிவிட்டேன். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். "ராணி, இவ்வளவு காலமும் சொல்லவேயில்லையே! உன் தம்பி எவ்வளவு பெரிய வீரனாக இருந்திருக்க வேண்டும்!" நான் என்ன சொல்ல? அது மரியாதை இல்லை வால்ற்றர், எங்கள் சனத்துக்குக் கேட்கப் பயம் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், நான் "ஓம், ஓம்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த கிழமையில் இருந்து வால்ற்றரின் கோப்பிக் கடைக் கூட்டாளிகள் அம்மாவை வீதியில் கண்டால் நின்று தொப்பியைத் தொட்டு வாழ்த்தத் தொடங்கினார்கள். "என்னவாம்?" என்று அம்மா கேட்பா. "சுகம் கேக்கினம்" என்பேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ரிஸ்வானின் போன் வந்தது. கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிப் பெடியன், எங்கள் கழகத்தின் இப்போதைய தலைவன். அவனுடைய வாப்பாவை எனக்குத் தெரியும். கிண்ணியா அணியில் நின்று தம்பியை மறித்து மறித்தே 'வேலி' என்று பட்டம் வாங்கியவர்.

"அன்ரி, புதுச் செட் அடிக்கப் போறம். எனக்கு எட்டாம் நம்பர் வேணும். நானும் இடதுகால். வாப்பா சொன்னார், கேளாமல் போடாத, அந்த வீட்டுப் பொம்பிளையளிட்ட கேட்டுப் போடு எண்டு."

அம்மா பக்கத்து அறையில் ரீவி பார்த்துக்கொண்டு இருந்தா. கதவைச் சாத்திவிட்டு, கனடாவில் கற்றதை எடுத்துவிட்டேன். எட்டை ஓய்வு பெறவைப்போம், பெரிய பனர் அடித்து மைதானத்தில் கட்டுவோம், விழா வைப்போம், உங்களுக்கு வேறு நல்ல நம்பர் எடுங்கள் என்றேன். கேட்க எனக்கே அழகாக இருந்தது.

"அன்ரி, கோவிக்காதீங்க. மைதானத்தில அவர்ட பேரையும் படத்தையும் போட்டுப் பனர் கட்டினா, கண்ணீர் அஞ்சலி மாதிரியெல்லோ இருக்கும்? நாங்க எப்பிடி அதைக் கட்டுறது? அம்மாட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கு இல்லை. அம்மாவுக்குத் தன் மகன் உயிரோடு இருக்கிறான்; அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவ காலையில் எழும்புகிறா. ஒரு சட்டைக்காக அதைப் பிடுங்குவதா? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ரிஸ்வான் திரும்ப எடுத்து, சட்டை அடிக்கக் கொடுக்கப் போகிறோம், இல்லையென்றால் பழையபடி எட்டை விட்டுவிடுகிறோம் என்றான். குரல் நல்ல மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் ஏமாற்றம் தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா குசினி வாசலில் நிற்கிறா.

"ஆர் பிள்ளை? என்ன சட்டை?"

சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா கதிரையை இழுத்து இருந்தா. அழப்போகிறா என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"இப்பதான் கேக்கினமோ? இவ்வளவு காலமும் எங்க போனவை? நான் வாசலையே பாத்துக்கொண்டு இருந்தனான். மற்ற எல்லா வீட்டுக்கும் தயிர்ச்சட்டி போச்சுது. எங்கட வீட்டுக்கு ஒருத்தனும் வரேல்ல. பிள்ளையைத் துலைச்ச வீடு எண்டு விலத்திப் போட்டினம் எண்டு நினைச்சன். என்ர பிள்ளையை அவங்கள் மறந்து போனாங்கள் எண்டெல்லோ நினைச்சன்!"

ஊர் முழுக்க அம்மாவுக்கு நோகக்கூடாது என்று ஒதுங்கி நின்றிருக்கிறது. அம்மா அந்த ஒதுக்கத்தால்தான் இத்தனை காலமும் நொந்திருக்கிறா. நானும் அந்த ஊரில் ஒருத்திதான்.

"எடு போனை. வரச்சொல்லு. வெறுங்கையோட வரவேண்டாம் எண்டு சொல்லு."

அடுத்த ஞாயிறு விடியற்காலை, அங்கே பின்னேரம், வீடியோவில் ரிஸ்வான் வந்தான். தலையை வாரி இழுத்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, உண்மையிலேயே பெண் கேட்டு வந்தவன்போல இருந்தான். அவனுடைய வாப்பா வேலி பக்கத்தில் உட்கார்ந்து, தம்பலகாமத்துத் தயிர்ச்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். எங்கள் மேசையில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் வாளித் தயிர். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "உதென்ன சுண்ணாம்பே?" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொல்லிவிட்டுக் கமராவுக்குச் சிரித்தா. பிறகு விசாரணை தொடங்கியது.

"எந்தக் காலால அடிக்கிறனீ?"

"இடதுகால் அம்மா."

"கோல் அடிப்பியோ?"

"எப்பவாவது அடிப்பன்."

"நேரத்துக்குப் போவியோ?"

"போவன் அம்மா."

"அவன் போகமாட்டான்," என்று சொல்லி அம்மா சிரித்தா. வேலியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அம்மா மடியில் இருந்த கருநீலச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தா.

"தம்பி, வடிவாக் கேளும். நான் இதைத் தரேல்ல. இரவல்தான். அவன் எப்பவும் பிந்தித்தான் வாறவன். வந்து, என்ர நம்பர் எங்க எண்டு கேட்டால், அண்டைக்கே கழட்டிக் குடுக்க வேணும். என்ன?"

"இன்ஷா அல்லாஹ் அம்மா. அவர் வந்தா, மட்ச் நடந்தாலும் கிரவுண்டிலயே கழட்டிக் குடுப்பன்."

அம்மா அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

முழுச் சட்டையையும் அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. நம்பரை மட்டும் பிரித்து அனுப்பு, அதைப் புதுச் சட்டையில் தைக்கட்டும் என்றா. அடுத்த நாள் நான் லோண்டரியில் என் மெஷினடியில் இருந்து, இளம் பெட்டையாக இருந்தபோது நானே தைத்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நூல் உக்கிப்போய் இருந்தது, துணி உறுதியாக இருந்தது. எட்டு கையோடு வந்ததும் கீழே பார்த்தேன். சட்டை முழுக்க வெயிலிலும் சவர்க்காரத்திலும் வெளிறிப்போயிருக்க, வெள்ளைத் துணி மூடிக்கிடந்த இடம் மட்டும் சாயம் போகாத கருநீலத்தில் இருந்தது. நம்பரை எடுத்த பிறகும் அங்கே ஒரு எட்டு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். விரலால் அதன் மேல் ஒருதரம் எழுதிப் பார்த்தா. பிரித்தெடுத்த எட்டை, ஊருக்குப் போன தெரிந்த பிள்ளை ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டோம்.

வால்ற்றருக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும் பாடாக இருந்தது. ஓய்வு பெற்ற நம்பர் திரும்ப விளையாட வருகிறது என்றதும் மனிதர் பதறிப்போனார். "யார் அதைச் செய்தது? குடும்பத்துக்கு அவமானம் இல்லையா?" நம்பர் ஓய்வு பெறவேயில்லை வால்ற்றர், அது கேட்டு வருகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்றேன். தலையாட்டினார். அவருக்கு விளங்கியதா தெரியாது. ஆனால் மட்ச் நாள் விடியற்காலையில், வெளியே முழங்கால் அளவு பனிக்குள்ளால், கையில் டோனட் பெட்டியும் உடம்பில் கழுவாத அறுபத்தொன்றுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

போனை ரீவியில் போட்டோம். யாரோ ஒரு பெடியன் மைதானத்து ஓரத்தில் நின்று படம் பிடித்தான். படம் நடுங்கியது. கடற்காற்று இரைந்தது. இரண்டு மான்களை யாரோ கோலடியில் இருந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். வால்ற்றர் எழும்பி ரீவியில் அந்த மான்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து இருந்தார். அணி வரிசையாக நின்றது. எண்ணிப் பார்த்தேன், பத்துப் பேர். மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரத்துக்குப் போவேன் என்று சொன்னவன் எங்கே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அப்போது கமரா தெருப்பக்கம் திரும்பியது. ரிஸ்வான், ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி, ஓடிவந்துகொண்டிருந்தான். வேலிதான் அப்படிச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். மைதானம் முழுக்க, நேசனைக் கண்டறியாத சின்னப் பெடியங்கள்கூட, "அந்தா, கடைசி பஸ் வருது!" என்று கத்தினார்கள். வால்ற்றர், என்ன கத்துகிறார்கள் என்று விளங்காமலே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

அம்மா மடியில் பழைய சட்டை விரிந்து கிடந்தது. அவவின் ஒரு கை அந்தக் கருநீல எட்டின் மேல் இருந்தது. மற்றக் கையை ரீவியில் ஓடுகிற வெள்ளை எட்டை நோக்கி நீட்டி, கடலுக்கு அப்பால் கேட்கும் என்ற நம்பிக்கையோடு சத்தமாகச் சொன்னா:

"மெல்ல ஓடடா தம்பி, சட்டை கவனம். திருப்பிக் குடுக்கிறது!"